கொழுந்துத் தராசின் முன்னால் ஒரு வில்லன்: பழைய மனிதரை எதிர்கொள்ளும் காட்சி எங்கே பிசகுகிறது?

கட்டபெட்டுக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாக எழுதிவரும் நாவலில் ஓர் அத்தியாயம் மட்டும் என் கைக்கு அடங்காமல் நழுவிக்கொண்டே இருக்கிறது. ஏழு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். மலையில் வாழ்பவர்களும் மலையை அறிந்தவர்களும் இங்கே பலர் இருப்பதால் உங்கள் முன் வைக்கிறேன்.

கதை கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் இடைப்பட்ட தேயிலைச் சரிவுகளில் நடக்கிறது. வில்லனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது. இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கிய குடும்பம் அவனுடையது. அப்போது அவன் கைக்குழந்தை. 1990களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை சரிந்து, அரை ஏக்கரும் ஒரு ஏக்கரும் வைத்திருந்தவர்கள் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் செடியை அப்படியே விட்டுவிட்ட காலத்தில், அவர்களுடைய கடன் பத்திரங்களை ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கி மேலே வந்தவன். பணம் தராத ஒருவரின் கையைப் பிடித்து இழுத்துப்போய், ஓடிக்கொண்டிருந்த இலை ஆலை ரோலருக்கு அருகில் வைத்துக்கொண்டே வட்டிக் கணக்குப் பேசியவன் என்று ஊரில் சொல்வார்கள்.

எதிரே இருப்பவர் எண்பது வயது முதியவர். 1984இல் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடை போட்டு எழுதிய கணக்கப்பிள்ளை. அன்று பன்னிரண்டு வயதில் அம்மாவின் மூட்டையைத் தூக்கி வந்த இவன்மீது, மூட்டைக்குள் கல்லை வைத்ததாகக் குற்றம் சாட்டி, எடைக் கொட்டகைக்கு முன்னால் எல்லோரும் பார்க்க மூட்டையைத் தலையில் சுமந்து நிற்க வைத்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து இவன் அவர் வீட்டு வாசலுக்கு வருகிறான். இப்போதைய வடிவத்திலிருந்து ஒரு பகுதி:

"உறைபனி இறங்கிய இரவு. மூடுபனி வீட்டைச் சூழ்ந்திருந்தது. அவன் கதவை உதைத்துத் திறந்தான். 'என்னைத் தெரியுதா?' என்றான். கிழவர் நடுங்கினார். 'நல்லாப் பாரு. உன் தராசுக்கு முன்னால நின்ன பையன்தான். இன்னைக்கு இந்த மலையே என் தராசுல நிக்குது.' மேசைமேல் ஒரு கல்லை ஓங்கி வைத்தான்."

படித்தவர்கள் எவரும் பயப்படவில்லை. என் மனைவி படித்துவிட்டு, "இவன் கத்திவிட்டுப் போய்விடுவான், கிழவருக்கு ஒன்றும் ஆகாது என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது" என்றார். கோளாறு எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள்.

குன்னூர் நூலகன்

உங்கள் மனைவி சொன்னதையே நான் வேறு வழியாகச் சொல்கிறேன். கதவை உதைப்பவன் எல்லாக் கதவையும் உதைப்பான். கடன்காரர் வீட்டிலும் அப்படித்தான், போட்டியாளர் வீட்டிலும் அப்படித்தான். தன் இளமையை நசுக்கிய மனிதரின் வீட்டு வாசலிலும் அவன் அதையே செய்தால், அந்த மனிதருக்கும் மற்றவர்களுக்கும் அவன் மனத்தில் வேறுபாடு இல்லை என்று பொருளாகிவிடுகிறது. நாற்பது ஆண்டுகள் ஒருவரை நினைத்துக்கொண்டிருந்தவன் அப்படி வருவானா?

தொல்காப்பியம், உணர்வுகள் உடலில் வெளிப்படுவதைச் சொல்லும் மெய்ப்பாட்டியலில், அச்சம் நான்கு இடங்களில் பிறக்கும் என்கிறது: அணங்கு (வருத்தும் தெய்வம், பேய்), விலங்கு, கள்வர், தம் இறை (தமக்கு மேலான தலைவர்). உங்கள் காட்சியில் இருப்பது விலங்கின் அச்சமும் கள்வனின் அச்சமும் மட்டுமே. உடம்புக்கு என்ன ஆகுமோ, உடைமைக்கு என்ன ஆகுமோ என்ற அளவில் அது நின்றுவிடுகிறது. நான்காவதான இறை என்பது வேறு வகை. தன்னைத் தண்டிக்கும் உரிமை எதிரே நிற்பவனுக்கு உண்டு என்பதைப் பயப்படுபவனே உள்ளூர ஒப்புக்கொள்ளும்போது வருகிற நடுக்கம் அது. 1984இல் அந்தச் சிறுவனுக்குக் கணக்கப்பிள்ளைதான் இறை. இன்று அந்த இடம் மாறியிருக்கிறது. இடம் மாறிவிட்டதை வில்லன் வாயால் சொல்லக் கூடாது. முதியவர் தானாக உணர வேண்டும். "இந்த மலையே என் தராசுல நிக்குது" என்று அவன் சொல்லிவிட்டால் முதியவர் உணர்வதற்கு மிச்சம் ஒன்றும் இல்லை.

அதே இயலில் வெகுளிக்கும், அதாவது சினத்துக்கும், நான்கு காரணங்கள் உண்டு: உறுப்பறை (உறுப்பை அறுத்தல்), குடிகோள், அலை, கொலை. அலை என்பது வைதும் அடித்தும் வருத்துவது. குடிகோள் என்பது ஒருவனது குடியைச் சேர்ந்தவர்களுக்குக் கேடு செய்வது. உங்கள் வில்லன் தன்னை நிற்க வைத்ததற்காக வருகிறானா, தன் தாய்க்கு நேர்ந்ததற்காக வருகிறானா? முதலாவது என்றால் அலை, இரண்டாவது என்றால் குடிகோள். நீங்கள் இதை முடிவு செய்யாமல் எழுதியிருக்கிறீர்கள். கல் என்ற பொருளை மேசைமேல் வைத்ததும் முழுக்க அவனைப் பற்றிய காட்சியாகிவிடுகிறது. மூட்டை அம்மாவுடையது அல்லவா?

எடைமேடை

நான் இருபத்தாறு ஆண்டுகள் இலை எடை எழுதியவன். இலக்கணம் எனக்குத் தெரியாது, தராசு தெரியும். அந்தக் கோணத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் கல்லை எடுத்துவிடுங்கள். இலையோடு கல் போனால் ஆலையில் இயந்திரத்தின் பல் உடையும். ஆகவே கல் வைத்தவர் என்று பெயர் வாங்கியவரை அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள். அம்மாவும் மகனும் மறுநாளும் வேலைக்கு வந்ததாக நீங்கள் எழுதியிருந்தால் அது பொருந்தாது.

எடையில் நடந்த அநியாயங்கள் அவ்வளவு பெரிதாகக் கண்ணுக்குத் தெரிந்தவை அல்ல. மூட்டையைக் கொக்கியில் மாட்டியதும் தராசின் முள் மேலும் கீழும் ஆடும். அது நிற்பதற்கு முன்பே எழுதுபவர் எண்ணை உரக்கச் சொல்லிவிடுவார். சொல்லி முடிப்பதற்குள் மூட்டையை இறக்கிவிடுவார்கள். பிறகு சாக்கின் எடைக்கென்று கழிப்பார்கள். மழைநாளில் ஈரத்துக்கென்றும் கழிப்பார்கள். நனைந்த இலையில் தண்ணீரின் எடையும் சேர்ந்திருப்பதால் ஈரத்துக்குக் கழிப்பதே தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் எவ்வளவு கழிப்பது என்பதை எழுதுபவரின் கண்தான் முடிவு செய்தது. அரைக் கிலோவுக்குக் குறைந்த மிச்சம் எண்ணுக்குள் வராமலே போய்விடும். அந்தக் கண்ணுக்குப் பிடித்தவர், பிடிக்காதவர் என்று இருந்தார்கள்.

எனவே இப்படி மாற்றிப் பாருங்கள். மூட்டை பதினேழு கிலோ. எழுதியது பதினாலு. பையன் முள்ளைப் பார்த்துக்கொண்டே நின்றவன், "பதினேழு ஐயா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டான். குற்றம் அதுதான். சின்னப் பையன் எல்லோர் முன்னாலும் எழுதுபவரைத் திருத்தினான். அதற்காகத்தான் அவனை நிற்க வைத்தார்கள்.

மூன்று கிலோ பெரிய கணக்கா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பச்சை இலை நான்கு முதல் நாலரை கிலோ சேர்ந்தால்தான் ஒரு கிலோ தூள் கிடைக்கும். அப்படியானால் அந்த மூன்று கிலோவில் முக்கால் கிலோத் தூளுக்குமேல் தேறாது. தோட்டத்துக்கு அது ஒன்றுமே இல்லை. பறித்தவளுக்கோ அது ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட உழைப்பு. முதுகு நனைய, கால் அட்டை கடிக்கப் பறித்தது.

முத்தோரை உழவன்

காட்சியைப் பற்றி நண்பர்கள் பேசட்டும். நான் வானத்தைப் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன். உறைபனியும் மூடுபனியும் ஒரே இரவில் ஒரே இடத்தில் சேராது. உறைபனி விழ வேண்டுமானால் வானம் துடைத்துவிட்டாற்போல இருக்க வேண்டும், காற்று அசையக் கூடாது. தரையின் சூடெல்லாம் மேலே போய்விட, குளிர்ந்த காற்று கனத்துத் தாழ்வான இடங்களில் தேங்கும். மூடுபனி இருந்தால் அது கம்பளிபோல அந்தச் சூட்டைப் பிடித்துக்கொள்ளும். உதகையில் காந்தல், பந்தய மைதானம், அப்பால் தலைகுந்தா என்று புல் வெளுத்துக் கிடப்பதெல்லாம் பள்ளமான இடங்கள்தாம். கோத்தகிரி உதகையைவிடத் தாழ்வு; கிழக்குப் பார்த்த சரிவு. அங்கே வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. உங்கள் காட்சியை ஐப்பசி மழையில் வைத்தால் இடமும் பொருந்தும், ஈரத்துக்குக் கழித்த எடையும் பொருந்தும்.

தாண்டிக்குடி வாழைக்காரர்

நான் பழனி மலையின் கீழ்மலைப் பகுதியைச் சேர்ந்தவன். எங்களுக்குத் தேயிலை கிடையாது. காப்பியும் மலைவாழையும் மிளகும்தான். ஆனாலும் இந்தக் காட்சியை நான் என் வீட்டில் பார்த்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

முடிக்கொத்து நோய் வந்து மலைவாழை அழிந்த காலத்தில் என் அப்பா ஒரு தரகரிடம் கடன் வாங்கியிருந்தார். தரகர் இளைஞராக இருந்தபோது எங்கள் தாத்தாவிடம் சுமை தூக்கியவர். எங்கள் திண்ணைக்குக் கீழே நின்றே கூலி வாங்கியவர். அவரைத் தாத்தா எப்படி நடத்தினார் என்பதை அப்பா ஒருநாளும் எங்களிடம் சொன்னதில்லை. அந்த மனிதர் பெரியவராகி, வசதி வந்து, ஒரு மாலை எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா எழுந்து நின்று, "வாங்கண்ணே, உள்ள வாங்க" என்றார். அவர் உள்ளே வரவில்லை. பழைய நாட்களில் நின்ற அதே இடத்தில், திண்ணைக்குக் கீழே, முற்றத்தில் நின்றுகொண்டார். "இருக்கட்டுங்க. நமக்கு இந்த இடம் பழக்கம்" என்றார். அப்பா திண்ணைமேல் நிற்கிறார். அவர் கீழே நிற்கிறார். அப்பாவுக்கு இறங்கவும் முடியவில்லை, மேலே நிற்கவும் முடியவில்லை. கடனைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. காப்பி விளைச்சல் எப்படி என்று கேட்டார், என் படிப்பைக் கேட்டார், போய்விட்டார். அன்றிரவு அப்பா சாப்பிடவில்லை. அடுத்த மாதம் தோட்டத்தில் பாதியை எழுதிக் கொடுத்தார்.

நம் மொழியில் ஒருவரை மிரட்டுவதற்குக் கத்தி வேண்டியதில்லை. 'நீ', 'நீங்கள்' என்ற இரண்டு சொற்கள் போதும். உங்கள் வில்லன் முதியவரை "நல்லாப் பாரு" என்று ஒருமையில் பேசுகிறான். அந்த நொடியில் அவன் தன் கையில் இருந்த பெரிய ஆயுதத்தைத் தூக்கி எறிந்துவிட்டான். அவன் "ஐயா" என்று அழைக்க வேண்டும். 1984இல் எந்தக் குரலில் அழைத்தானோ அந்தக் குரலிலேயே அழைக்க வேண்டும். முதியவரோ அவனுடைய ஜீப்பையும் சட்டையையும் பார்த்து, "வாங்க" என்றுதான் வரவேற்பார். நான் வணங்கிய மனிதர் என்னை வணங்குகிறார், நான் இன்னும் வணக்கத்தை விடவில்லை என்று அவன் காட்டுவதில்தான் முதியவருக்குத் தரை நழுவும்.

கட்டபெட்டுக்காரன்

ஒவ்வொருவரும் சொன்னதை இரண்டு நாட்களாக மனத்தில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். கல் போய்விட்டது. உறைபனியும் போய்விட்டது, ஐப்பசி மழை வந்துவிட்டது. பதினேழும் பதினாலும் வந்துவிட்டன. வாழைக்கார நண்பரே, உங்கள் முற்றத்தை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன், அது உங்கள் அப்பாவுடையது. ஆனால் அந்த "ஐயா"வை எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது ஒரு புதுச் சிக்கல். எழுத எழுத முதியவருக்கு அந்த நாள் நினைவே இல்லை என்று ஆகிவிடுகிறது. நான் திட்டமிட்டதல்ல. வில்லன் நாற்பது ஆண்டுகள் சுமந்து வந்த எண் அவருடைய தலையில் எங்குமே இல்லை. இதை ஏற்பதா, தடுப்பதா?

குன்னூர் நூலகன்

தடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இறை அச்சம் என்று நான் முன்பு சொன்னதற்கு அடிப்படையே, பயப்படுபவர் தம் குற்றத்தை அறிந்திருப்பதுதான். அறியாதவருக்கு வருவது வெறும் உயிர்ப்பயம்.

மகாபாரதத்தில் துரோணரும் துருபதனும் ஒரே ஆசானிடம் பயின்ற தோழர்கள். துருபதன் அரசனான பிறகு, வறுமையோடு வந்த துரோணரைப் பார்த்து, அரசனுக்கும் ஏழைக்கும் ஏது நட்பு என்று தள்ளிவிடுகிறான். பல ஆண்டுகள் கழித்துத் துரோணர் தம் மாணவர்களை அனுப்பித் துருபதனைக் கட்டி இழுத்துவரச் செய்கிறார். அவனைக் கொல்லவில்லை. அவன் நாட்டில் பாதியைத் தாம் வைத்துக்கொண்டு பாதியைத் திருப்பிக் கொடுத்து, "இப்போது நானும் அரசன், நீயும் அரசன்; இனி நாம் நண்பர்களாக இருக்கலாம்" என்ற பொருளில் பேசுகிறார். அவன் சொன்ன அதே சொல்லை அவனுக்கே திருப்பித் தருகிறார். துருபதனுக்குத் தான் சொன்னது நன்றாக நினைவிருப்பதால்தான் அந்தப் பாதி நாடு அவன் நெஞ்சில் நெருப்பாகிறது. துரோணரைக் கொல்ல ஒரு மகன் வேண்டும் என்று வேள்வி செய்யும் அளவுக்குப் போகிறான். அவன் மறந்திருந்தால் அந்தக் கதையே இல்லை.

எடைமேடை

நூலகர் ஐயா சொல்வது அரசர்களுக்குப் பொருந்தும். துருபதனுக்கு ஒரே ஒரு துரோணர்தான் வந்தார். எங்களுக்கு ஒரு நாளைக்கு நூற்றுக்கு மேற்பட்டவர்கள் வந்தார்கள், நாளைக்கு இரண்டு மூன்று முறை எடை.

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். நானும் முள் நிற்பதற்கு முன் எண்ணைச் சொல்லியிருக்கிறேன். மேலிருந்து, இத்தனை இலைக்கு இத்தனைக்கு மேல் கணக்கு வரக் கூடாது என்று சொன்னார்கள், நானும் செய்தேன். பதினேழைப் பதினாலு என்று எழுதியிருப்பேனா என்றால், எழுதியிருப்பேன். யாருக்கு எழுதினேன்? தெரியவில்லை. ஒரு முகம்கூட நினைவில் இல்லை. மூட்டைகள் நினைவில் இருக்கின்றன, ஈரச் சாக்கின் வாடை நினைவில் இருக்கிறது, கொட்டகைத் தகரத்தில் மழை விழும் சத்தம் நினைவில் இருக்கிறது. மூட்டைக்குக் கீழே இருந்த முகம் எதுவும் இல்லை. உங்கள் கதையைப் படித்த நாள்முதல் அந்த முகங்களில் ஒன்றையாவது வரவழைத்துவிட முடியுமா என்று பார்க்கிறேன். வரவில்லை.

என் வீட்டுக்கு அப்படி ஒருவன் வந்து, நாள், மழை, எடை எல்லாவற்றையும் சொன்னால், நான் இல்லை என்று மறுக்க முடியாது; ஆமாம் என்று ஒப்புக்கொள்ளவும் முடியாது. அப்படிப்பட்ட நிலையில் நிற்பதைவிடப் பெரிய பயம் எனக்கு எதுவும் தெரியவில்லை. முதியவருக்கு நினைவு வேண்டாம்.

குன்னூர் நூலகன்

உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். என் கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பந்தலூர்ப் பேத்தி

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கு இந்தக் கதையில் ஒரு வருத்தம் இருக்கிறது. சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களைப் பற்றி இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்தில், 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று இரண்டு அரசுகளும் பேசி முடித்தன. அந்த எண்ணிக்கைக்குள் இருந்த ஒருவர் என் பாட்டி. தேயிலை தவிர வேறு தொழில் தெரியாத அவர்களில் பலரை நீலகிரிக்கு அனுப்பினார்கள். அவர்களுக்கென்றே 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. அங்கே இடம் கிடைத்தவர்கள் ஓரளவு தப்பித்தார்கள். கிடைக்காதவர்கள் தனியார் தோட்டத்திலும், மரம் வெட்டும் இடத்திலும், முன்பணத்துக்குக் கட்டுண்ட வேலையிலும் சிக்கினார்கள். இலங்கையில் எங்களை இந்தியர்கள் என்றார்கள். இங்கே வந்ததும் சிலோன்காரர்கள் என்றார்கள். பள்ளியில் நான் படித்தபோதும் அந்தச் சொல் என் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டே இருந்தது. இப்போது ஒரு நாவலில் நாங்கள் வரும்போது, மலையின் வட்டிக்காரனாக, விரலை ரோலரில் வைப்பவனாக வர வேண்டுமா? இதைப் படிக்கிறவர்கள் அவன் பட்ட காயத்தை நினைவில் வைப்பார்களா, அவன் எங்கிருந்து வந்தான் என்பதை மட்டும் வைப்பார்களா?

கட்டபெட்டுக்காரன்

சகோதரி, இதற்குப் பதில் சொல்லாமல் காட்சியைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. நானும் அந்தக் கப்பலில் வந்த குடும்பத்துப் பிள்ளைதான். பதினேழு என்று எடைமேடை நண்பர் ஏதோ ஓர் எண்ணாகச் சொன்னார். எங்கள் வீட்டில் அந்த எண் வேறு. ஆனால் அப்படி ஓர் எண் இருந்தது. என் அம்மா சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். கோபமாகச் சொல்ல மாட்டார். அரிசி களையும்போது, துணி காயப்போடும்போது, யாரோ ஒருவரின் வயதைச் சொல்வதுபோலச் சொல்வார். கப்பலில் வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் எத்தனை நாள் இருந்தோம் என்பதை மறந்துவிட்டார். அந்த ஒரு நாள் எடையை மறக்கவில்லை.

நான் ஆசிரியனானேன். யாருடைய கையையும் நான் முறிக்கவில்லை. ஆனால் எனக்கு இருபத்தைந்து வயதில் கையில் பணமும் ஆளும் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்ற கேள்வியிலிருந்துதான் இவன் பிறந்தான். அவனை வேறு ஊர்க்காரனாக, வேறு பின்னணி உள்ளவனாக மாற்றினால் நான் பொய் எழுதுகிறேன் என்று ஆகும். அதே சமயம் உங்கள் வருத்தம் சரியானது. அவனுடைய அக்கா ஒருத்தி நாவலில் இருக்கிறாள். அவளும் அந்த எடையை அறிந்தவள். அவள் அவனோடு பேசுவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவளுக்கு இதுவரை இரண்டு பக்கங்களே கொடுத்திருந்தேன். அவளை இன்னும் முன்னால் கொண்டுவர வேண்டும் என்று உங்கள் பதிவைப் படித்ததும் புரிந்தது. இந்த வீட்டுக்குப் போகாதே என்று அவனிடம் சொல்பவளாக அவள் இருக்க வேண்டும்.

காட்சியை மீண்டும் எழுதியிருக்கிறேன். கீழே இடுகிறேன்.

"மழை சாயங்காலம் முழுக்க விடவில்லை. ஜீப்பை மேலே சாலையிலேயே நிறுத்திவிட்டு, படிக்கட்டில் தனியாக இறங்கி வந்தான். கதவு திறந்துதான் இருந்தது. செருப்பை வெளியே கழற்றினான்.

'வாங்க, வாங்க' என்று முதியவர் எழ முயன்றார். யாரென்று தெரியவில்லை, ஆனால் மகன் கடன் வாங்கியிருக்கும் இடத்திலிருந்து வந்தவர் என்பது மட்டும் தெரிந்தது.

'எந்திரிக்காதீங்க ஐயா.' அவன் நின்றுகொண்டே இருந்தான். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. தரை நனைகிறதே என்று ஓரமாக நகர்ந்து நின்றான்.

'எம்பத்திநாலு. இதே ஐப்பசி. சாயங்கால எடை. எங்கம்மா மூட்டை பதினேழு ஐயா. நீங்க பதினாலு போட்டீங்க.'

முதியவர் அவன் முகத்தையே பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். தேடினார். 'எனக்கு... ஞாபகம் இல்லீங்களே தம்பி.'

'நீங்கன்னு சொல்லாதீங்க ஐயா. அன்னைக்குக் கூப்பிட்ட மாதிரியே கூப்பிடுங்க.'

உள்ளேயிருந்து அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். அவன் கும்பிட்டு வாங்கிக்கொண்டான். குடிக்கவில்லை. முதியவரின் வாய் ஒருமுறை திறந்து மூடியது. அந்தச் சொல் வரவில்லை.

'வரலையா? பரவாயில்ல.' நனையாமல் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த நோட்டை எடுத்துப் பிரித்தான். 'உங்க பையன் கணக்கு ஐயா. அதுல மூணு கிலோவுக்கு உண்டான காசைச் சேர்த்திருக்கேன். அந்த வருசம் உங்க தோட்டத்துல என்ன கூலியோ அதுதான். வட்டி போடல.' பேனாவைத் திறந்து அவர் கையில் கொடுத்தான். 'பதினேழுன்னு நீங்களே எழுதிருங்க. உங்க கையெழுத்துல பார்த்துக்கறேன்.'

முதியவர் எழுதினார். ஒன்றைப் போட்டுவிட்டு ஏழைப் போடுவதற்கு வெகுநேரம் ஆயிற்று. அவன் குனிந்து அதைப் பார்த்தான். மை காயும்வரை காத்திருந்து நோட்டை மூடினான்.

'அடுத்த மாசமும் வரேன் ஐயா. ஞாபகம் வருதான்னு பாத்து வைங்க.'"

தாண்டிக்குடி வாழைக்காரர்

'வட்டி போடல' என்ற இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. எல்லோரிடமும் வட்டி வாங்குபவன் இந்தக் கணக்கில் மட்டும் வட்டி வேண்டாம் என்கிறான். அந்த மூன்று கிலோவின்மேல் ஒரு காசுகூடக் கூடக் கூடாது என்று நினைக்கிறான். இவனிடம் கெஞ்சிப் பயனில்லை என்பது அங்கேதான் தெரிகிறது. ஓரமாக நகர்ந்து நிற்பதையும் விட்டுவிடாதீர்கள்.

குன்னூர் நூலகன்

ஒரே ஒரு திருத்தம் கேட்பேன். "தேடினார்" என்ற சொல் போதும். அதற்கு முன் நெற்றியைச் சுருக்க வேண்டியதில்லை. அடுத்த மாதமும் வருகிறேன் என்பது துரோணர் திருப்பித் தந்த பாதி நாட்டைப் போலவே இருக்கிறது. ஒன்றும் செய்யாமல் போகிறான். ஆனால் முதியவருக்கு இனி மாதம் என்பது அவன் வரும் நாளாக ஆகிவிட்டது.

பந்தலூர்ப் பேத்தி

அக்காவைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. என் வருத்தம் முழுக்கத் தீரவில்லை. ஆனால் இந்த மனிதனை எனக்குத் தெரிகிறது.

ஒன்று கேட்கிறேன். அவன் எண்ணை எழுதச் சொல்கிறான். செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள் பதிவேட்டில், எண்ணுக்கு முன்னால் பெயர் இருக்குமே. முதியவரைப் பெயரையும் எழுதச் சொன்னால் என்ன? அவருக்கு அந்தப் பெயர் தெரியாது. அவனும் சொல்லக் கூடாது.

கட்டபெட்டுக்காரன்

இதைத்தான் ஏழு வடிவங்களிலும் தேடியிருக்கிறேன் போலும். இன்றிரவே உட்கார்கிறேன். எடைமேடை நண்பரே, பெயருக்குக் கட்டம் எந்தப் பக்கம் இருக்கும், எவ்வளவு அகலம் இருக்கும் என்று மட்டும் சொல்லுங்கள்.

எடைமேடை

நான் எழுதிய இடத்தில் இடது ஓரத்தில் ஆள் நம்பர், அதை ஒட்டிப் பெயர். அகலம் நான்கு விரல் இருக்கும். மாதத்தின் முதல் பக்கத்தில்தான் பெயரை முழுக்க எழுதுவோம். அதற்குப் பிறகு நம்பரை மட்டும் போட்டுவிட்டுப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவோம்.